உளி வெட்டும், பிட் அரைக்கும்: பாலையூற்றுத் தச்சுப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மின்கருவியில் மரம் செதுக்கப் பழக வருபவர்களில் அதிகம் தடுமாறுபவர், கை உளியில் ஏற்கெனவே தேர்ந்தவர்தான். ஒன்றுமே தெரியாமல் வருபவருக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. உளிக்காரருக்கோ கை, கண், காது மூன்றும் வெட்டுக்குப் பழகிப்போனவை. அவர் கையில் கிரைண்டரை, அதாவது வட்ட டிஸ்க்கைச் சுழற்றும் மின்கருவியை, கொடுத்தால், வேகமாக ஓடும் உளி ஒன்று கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார். பிறகு வரும் எல்லாச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. உளி மரநாரை வெட்டிச் சீவி எடுக்கிறது. மின்கருவியின் முனையில் மாட்டிச் சுழலும் பிட் மரத்தை அரைத்துத் தூளாக்குகிறது. இந்த ஒரு வித்தியாசத்தால் வாங்கும் கருவி, எடுக்கும் மரம், கை போகும் திசை, மூச்சு விடும் விதம் எல்லாமே மாற வேண்டியிருக்கிறது.

இதை நான் கண்கூடாகப் பார்த்தது திருகோணமலை பாலையூற்றில் உள்ள ஒரு தச்சுப் பட்டறையில். தகரக் கூரை, முன்பக்கம் திறந்தவெளி, பின்னால் மரக்காலையிலிருந்து வந்த பலகைகளின் அடுக்கு. அறுபதைத் தாண்டிய ஓடாவி ஒருவரும், முப்பது வயதளவில் உள்ள அவர் மகனும் வேலை செய்கிறார்கள். நிலை, கதவு, ஜன்னல், சாமியறைக் கதவு, சில வேளை கோயில் வேலை. மகன் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அப்பாவிடம் உளி பிடித்தவர். கும்பம், தாமரை, அன்னம், மாங்காய்க் கொடி எல்லாம் வரைபடம் பார்க்காமலே வெட்டுவார். ஊரில் மரச்செதுக்கல் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், அவர் மின்கருவிக்கு மாறிய காலத்தில் நான் அடிக்கடி அந்தப் பட்டறையில் இருந்தேன். இருவர் பெயரையும் இங்கே எழுதவில்லை. மகனைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன்.

ஏன் மாற நினைத்தார்

காரணம் பணம்தான். வெளியூர்களிலிருந்து, கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினில் செதுக்கிய கதவுகள் லொறியில் வந்து இறங்குகின்றன. தம்பி பல நாள் குனிந்திருந்து வெட்டும் பூவேலை அந்த மெஷினில் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. "அண்ணே, நான் உளியோட இருந்தா கதவுக்கு விலை சொல்லவே ஏலாது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. கதவுகளுக்குப் பூவேலை போடும் சாதாரண மூன்று அச்சு சி.என்.சி. மெஷினில் பிட் மேலிருந்துதான் இறங்கும். தாமரை இதழின் அடிப்பக்கத்தைக் குடைந்து இதழைப் பலகையிலிருந்து தூக்கிக் காட்டுவது அதனால் ஆகாது. கையில் பிடிக்கும் மின்கருவியால் ஆகும். ஆகவே கையில் பிடிக்கும் கருவியை வைத்துக்கொண்டு தட்டையான பூவேலையில் சி.என்.சி.யோடு போட்டி போடுவது வீண் வேலை. ஆழமும் அடிக்குடைவும் உள்ள வேலைக்குப் போனால்தான் இந்த மாற்றத்துக்குப் பொருள் உண்டு. இதை முதல் நாளே தம்பியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் கருவி வாங்கும் வரிசையை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டிருந்தார்.

மூன்று கொள்வனவுகள்

முதலாவது, பட்டறையில் ஏற்கெனவே இருந்த நாலு அங்குலக் கிரைண்டருக்கு ஒரு செயின் டிஸ்க். செயின் சோவின் பற்களை வட்டத் தகட்டின் விளிம்பில் பொருத்தியதுபோன்ற டிஸ்க் அது. மரத்தை அள்ளியெடுக்கும் வேகத்தில் அதற்கு இணை இல்லை, ஆபத்திலும் இல்லை. டிஸ்க் காப்புத் தகட்டில் உரசுகிறது என்று காப்பைக் கழற்றிவிட்டார். வேப்பம் பலகை ஒன்றின் பின்னணியை இறக்கும்போது டிஸ்க் ஒரு மூலையில் மாட்டியது. கிரைண்டர் பின்னோக்கிக் குதித்து இடது கைப் புறங்கையைக் கிழித்தது. தையல் போட வேண்டி வந்தது. நரம்பு தப்பியது.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆரம்பகாரர்களின் பெரிய காயங்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகின்றன. நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று ஓடும். 100 மில்லிமீற்றர் டிஸ்க்கின் விளிம்பு அந்த வேகத்தில் செக்கனுக்கு 57 மீற்றருக்கு மேல் போகிறது, அதாவது மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டி. பற்கள் மரத்தைத் தொடும் இடத்தில் எந்தப் பக்கம் ஓடுகின்றனவோ, மெஷின் அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளப்படும். பல் சிறிதாக இருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தால் அந்தத் தள்ளலைக் கை தாங்கும். பல் பெரிதாக இருந்து மூலையிலோ வெடிப்பிலோ மாட்டி டிஸ்க் நின்றுபோனால், அந்த வேகம் முழுவதும் ஒரே நொடியில் கிரைண்டர் உடம்புக்கு வந்துவிடும். மனிதக் கை அதற்கு ஈடுகொடுக்காது, எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சரி.

ஆகவே தொடங்குபவருக்குச் செயின் டிஸ்க் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கிரைண்டரில் செதுக்கத்தான் வேண்டுமென்றால், மேற்பரப்பு முழுக்கக் கார்பைட் என்னும் மிகக் கடினமான உலோகக் கலவையின் துணுக்குகள் ஒட்டிய டிஸ்க் இருக்கிறது. அது மெதுவாக அரைக்கும், மாட்டிக்கொள்வதும் குறைவு. டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் உச்ச சுற்று எண் கிரைண்டரின் சுற்று எண்ணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். காப்பும் பக்கக் கைப்பிடியும் கழற்றப்படக் கூடாது. இரண்டு கையும் மெஷினில் இருக்க வேண்டும். அப்படியானால் பலகையை யார் பிடிப்பது? ஜி கிளாம்ப் பிடிக்கும். அல்லது பலகையின் பின்புறம் ஒரு கட்டையை ஸ்குரூவில் பிடித்து அந்தக் கட்டையை வைஸில் இறுக்கலாம். ஒரு கையில் மரம், மறுகையில் கிரைண்டர் என்று வேலை செய்யும் பழக்கத்தை நம் ஊர்ப் பட்டறைகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்று. தம்பி அன்று சாரம் கட்டியிருந்தார். கடலோர வெக்கையில் சாரமும் பனியனும்தான் வசதி, எனக்கும் தெரியும். ஆனால் சுழலும் டிஸ்க்குக்கு முன்னால் தொங்கும் துணி எதுவும் இருக்கக் கூடாது. கையில் கட்டிய காப்பு நூல், கழுத்துச் சங்கிலி, பின்னல் நூலால் செய்த கையுறை எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். நூல் கையுறையின் ஓர் இழை பிட்டில் சுற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது கொள்வனவை அவர் வாங்கவில்லை, அது வந்தது. டொரொண்டோவில் இருக்கும் அக்கா ஒரு டிரெமல் ரோட்டரி கருவியை ஆள்வழி அனுப்பியிருந்தார். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அடப்டர் மாட்டிச் செருகியதும் அது ஒரு நொடி அலறிச் சுழன்று புகைந்து போனது. அடப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. புலம்பெயர்ந்த உறவுகள் அன்போடு கருவி அனுப்பும் ஊர் இது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்: லண்டனிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வருவது 230 வோல்ட் கருவி, பிளக் பொருந்தினால் போதும். கனடா, அமெரிக்காவிலிருந்து வருவதற்கு வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் கட்டாயம் வேண்டும். அதுவும் கருவியின் வாட் அளவைத் தாராளமாகத் தாண்டியதாக இருக்க வேண்டும். தகட்டில் எழுதியிருப்பதைச் செருகுவதற்கு முன் வாசித்துவிட்டால் போதும்.

மூன்றாவது, முப்பது துண்டுகள் கொண்ட வைரத்தூள் பிட் பெட்டி. விலை மலிவு, வடிவங்கள் ஏராளம், பார்க்க ஆசையாக இருக்கும். கல், கண்ணாடி போன்றவற்றுக்கு ஏற்ற பிட்டுகள் அவை. மரத்தில் வைத்தால் வைரத்துணுக்குகளுக்கு இடையில் மரத்தூள் அடைந்து, பிட் வழுக்கி, மரம் கருகும். கடைசிக் கட்டத்தில் கண் இமை, நரம்பு போன்ற நுணுக்கத்தை மெல்லத் தடவி எடுக்க இரண்டொன்று உதவும். மரத்தை எடுக்க உதவாது. தம்பியின் முதல் தாமரை இதழ்கள் முழுக்கக் கறுப்புக் கோடு. உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும் என்றார். வார்னிஷ் பூசியதும் மறைந்த கோடுகள் எல்லாம் திரும்ப எழுந்து நின்றன.

எதை முதலில் வாங்குவது

புகைந்துபோன டிரெமலுக்குப் பதிலாக எதை எடுப்பது என்று தம்பி கேட்டார். டிரெமல், ஃபோர்டம் இரண்டுமே இந்தத் துறையில் பழைய பெயர்கள். ஃபோர்டம் 1922லிலும் டிரெமல் 1932லிலும் அமெரிக்காவில் தொடங்கியவை. இரண்டும் இரண்டு வகைக் கருவிக்கு அடையாளமாகிவிட்டன. டிரெமல் வகையில் மோட்டர் கைக்குள்ளேயே இருக்கும். ஃபோர்டம் வகையில் மோட்டர் மேலே கொக்கியில் தொங்கும், அதிலிருந்து வளையும் தண்டு ஒன்று இறங்கி மெல்லிய கைப்பிடியில் முடியும், வேகத்தைக் காலால் மிதித்துக் கட்டுப்படுத்தலாம். கதவுப் பலகையில் மணிக்கணக்காக வேலை செய்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது தொங்கும் மோட்டரைத்தான். கையில் பாரமும் சூடும் இல்லை. அசல் ஃபோர்டம் நமக்கு எட்டாத விலை. அதே அமைப்பில் செய்த மலிவான மோட்டர்கள் கொழும்பு பழைய சோனகத் தெருவின் கடைகளில் கிடைக்கின்றன. தம்பி அங்கேதான் எடுத்தார். மலிவான மோட்டரில் பார்க்க வேண்டியது கைப்பிடியின் முனை. பிட்டை மாட்டிக் கையால் சுற்றிப் பார்க்கும்போது முனை ஆடினால் அந்தக் கைப்பிடி வேண்டாம். ஆடும் பிட் மரத்தைக் கொத்தும், கையையும் உலுக்கும்.

பிட் விஷயத்தில் நாலு போதும் என்றேன். முள் முள்ளாகக் கார்பைட் பதித்த முரட்டு பிட்டில் ஓர் உருளையும் ஒரு உருண்டையும், வடிவம் எடுக்க. கோடு வெட்டிய முழுக் கார்பைட்டில் தீச்சுடர் வடிவம் ஒன்று, பள்ளமும் மடிப்பும் எடுக்க. அப்புறம் உப்புத்தாள் சுற்றும் மெத்தை உருளை ஒன்று. பெட்டியில் முப்பது இருந்தால் எதை எடுப்பது என்ற யோசனையிலேயே கை பழகாமல் போகும். நாலு பிட்டின் ஒவ்வொரு விளிம்பும் என்ன செய்யும் என்று விரலுக்குத் தெரிந்த பிறகு ஐந்தாவதை வாங்கலாம்.

பிட்டின் தண்டுக்கும் கைப்பிடியின் வாய்க்கும் அளவு ஒத்திருக்க வேண்டும். சின்ன பிட்டுகள் பெரும்பாலும் 2.35 அல்லது 3.2 மில்லிமீற்றர், பெரியவை 6 மில்லிமீற்றரும் கால் அங்குலமும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றர் வாய்க்குள் அதைத் திணிக்கவும் முடியாது, கால் அங்குல வாயில் 6 மில்லிமீற்றர் தண்டு இறுகவும் இறுகாது.

வேகம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: எவ்வளவு கூடுதல் வேகமோ அவ்வளவு நல்லது என்று. கணக்கைப் பாருங்கள். 3 மில்லிமீற்றர் உருண்டை 30,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு செக்கனுக்கு 5 மீற்றருக்கும் குறைவாகத்தான் நகர்கிறது. அதே 30,000 சுற்றில் 19 மில்லிமீற்றர் பிட்டின் விளிம்பு ஏறத்தாழ 30 மீற்றர் போகும். சின்ன பிட்டுக்கு வேகம் வேண்டும், பெரிய பிட்டுக்குக் கூடாது. பெரிய பிட்டை முழு வேகத்தில் விட்டால் மரம் கருகும், தண்டு வளையும், வளைந்த தண்டு முறிந்து பறக்கவும் செய்யும். கண்ணாடி போடாமல் அந்த மேசைக்கு அருகே யாரும் நிற்கக் கூடாது என்பது இதனால்தான்.

கை போகும் திசை

உளிக்காரர் நாரின் திசையைப் பார்த்து வெட்டுவார். எதிர்நாரில் உளி வைத்தால் மரம் பிய்யும் என்பது அவர் உடம்பிலேயே இருக்கிறது. தம்பி மின்கருவியையும் நாரைப் பார்த்தே ஓட்டினார். பிட் ஓடி ஓடி, முடித்த இதழ் விளிம்புகளைத் தின்றது.

அரைக்கும் கருவிக்கு நாரின் திசையை விடத் தன் சுழற்சியின் திசை முக்கியம். கைப்பிடியின் பின்னாலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. வலக்கைக்காரர் எழுதுகோலைப் பிடிப்பதுபோல் கைப்பிடியைப் பிடித்து, முனை இடப்பக்கம் பார்க்க மரத்தின் மேல் வைத்தால், பிட் அவரை விட்டு அப்பால் உருண்டோடப் பார்க்கும். தன் பக்கம் இழுத்துச் செதுக்கினால் அது கைக்கு அடங்கும். தள்ளிச் செதுக்கினால் ஓடும். இதைத் தெரிந்துகொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: பிட் கையை மீறி ஓடினால் எந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கத்தில் முடித்த விளிம்பு எதுவும் இருக்கிறதா? இருந்தால் பலகையைத் திருப்பி வைக்க வேண்டும். கிளாம்பைக் கழற்றித் திருப்பி மாட்டச் சோம்பல் பட்டுத்தான் முக்கால்வாசி வேலைகள் கெடுகின்றன.

தம்பிக்கு இதைப் பழக்க நான் கொடுத்தது கழிவு மஹோகனித் துண்டில் ஒரு குழி, ஒரு மேடு, பக்கத்தில் பக்கத்தில் நேர்க் கோடுகள். பூ கிடையாது, கும்பம் கிடையாது. அவருக்குக் கோபம் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் உளி பிடித்தவரிடம் கோடு போடச் சொன்னால் வரத்தானே செய்யும். ஆனால் கோடுகள் ஒரே ஆழத்தில் வரத் தொடங்கியதும் பேசாமல் தொடர்ந்தார்.

மரத்தைத் தெரிவதில் ஒரு தலைகீழ்

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வில் கற்றுக்கொள்ள அதிகம் இருந்தது இங்கேதான். உளிக்கு மென்மையான, சீரான மரம் பிடிக்கும். தம்பியும் முதலில் மென்மையான துண்டுகளையே தேடினார். மென்மரத்தில் பிட் நாரை வெட்டாமல் கசக்கிப் பிய்ப்பதால் மேற்பரப்பு முழுக்கப் பஞ்சு பஞ்சாக எழுந்து நிற்கும். அதைத் தேய்த்து எடுக்கப்போனால் செதுக்கிய வடிவமும் சேர்ந்து தேயும். அடர்த்தியான மரத்தில் பிட் சுத்தமாக ஓடுகிறது, விளிம்பு நிற்கிறது. உளியைப் படாத பாடு படுத்தும் முதிரை, பிட்டுக்கு அருமையான மரம். அதன் நார் ஒரு வரி இப்படி, ஒரு வரி அப்படி என்று பின்னி ஓடுவதால் உளி எந்தப் பக்கம் போனாலும் எங்கோ பிய்க்கும். பிட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பாலை மரம் நீரில் போட்டால் தாழும் அளவுக்கு அடர்த்தியானது. அதிலும் கார்பைட் பிட் ஓடும், நேரமும் சூடும்தான் கூடும்.

பட்டறையின் ஓரத்தில் பழைய வீடு ஒன்றிலிருந்து வந்த சமண்டலை வளைகள் சில கிடக்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் மரவணிகர்கள் இந்த ஊரின் பெயராலேயே அழைத்த மரம் அது. கரையோர அலையைக் கடக்கும் மசூலா படகுகள் கட்ட இங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறியது. பெரியவர் அவற்றை யாரையும் தொடவிடுவதில்லை. பழகும் கைக்கு அந்த மரத்தைக் கொடுக்கக் கூடாது என்பதில் நானும் அவர் பக்கம்தான்.

அப்படியானால் முதிரையிலேயே பழகலாமே என்று தம்பி கேட்டார். இல்லை என்றேன். அதற்குக் காரணம் அடுத்த விஷயம்.

தூள்

உளியின் சீவல் தரையில் விழுகிறது, கூட்டி அள்ளலாம். பிட்டின் தூளில் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும்தான் தரையில் விழுகிறது. தெரியாத பகுதி காற்றில் மிதந்து நெஞ்சுக்குள் போகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் 1995இல் வெளியிட்ட தொகுப்பிலேயே சேர்த்துவிட்டது. முக்கியமாக மூக்கிலும் மூக்கை ஒட்டிய அறைகளிலும் வரும் புற்றுநோய். அது வர நீண்ட காலம் பிடிக்கும். அதற்கு முன்பே தும்மல், மூக்கடைப்பு, இளைப்பு, தோல் அரிப்பு வந்துவிடும். முதிரைத் தூள் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குவது நன்கு அறியப்பட்டது. தேக்கு, மஹோகனித் தூளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தம்பி என் பேச்சை மீறி முதிரையில் ஒரு நாள் வேலை செய்தார். மறுநாள் முழங்கைக்குக் கீழே இரண்டு கையும் சிவந்து தடித்திருந்தன, கண் இமை வீங்கியிருந்தது.

பெரியவர் ஒரு வாதம் வைத்தார். "தம்பி, நான் நாற்பது வருசமா முதிரை வெட்டுறன், எனக்கு ஒண்டும் செய்யேல்லையே." அவர் வெட்டினார், அரைக்கவில்லை. ஒரே மரம்தான், ஆனால் உடம்புக்குள் போகும் தூளின் அளவு வேறு.

பட்டறையில் கொரோனா காலத்து முகக்கவசங்கள் ஒரு பெட்டி இருந்தன. அவை ஓரத்தில் இடைவெளி விடும் மெல்லிய துணிகள், இந்தத் தூளுக்கு உதவாது. குறைந்தது என்95 அல்லது அதற்கு நிகரானது வேண்டும், அதுவும் மூக்குப் பாலத்தில் அழுத்திப் பொருத்தியிருக்க வேண்டும். தினமும் வேலை செய்பவர் வடிகட்டியை மாற்றக்கூடிய இறப்பர் அரைமுகக் கவசம் வாங்குவது நல்லது. முதலில் விலை கூடினாலும் மாதக் கணக்கில் பார்த்தால் மலிவு. தாடி வைத்தவருக்கு இரண்டுமே சரியாகப் பொருந்தாது. தம்பி தாடியை எடுத்தார். அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இடத்தையும் மாற்றினோம். முன்பு மின்விசிறி அவர் முகத்துக்கு எதிரே இருந்தது, வெக்கைக்காக. அது தூளை முகத்துக்கே திருப்பி அடித்தது. இப்போது அவர் பக்கவாட்டில் இருந்து காற்று மேசையைக் கடந்து வெளியே போகும்படி விசிறி நிற்கிறது. கடல்காற்று எழும் பின்நேரங்களில் மேசையையே திருப்பிப் போடுகிறார். தூளைக் கூட்டுமாற்றால் கூட்டுவதில்லை, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ளுகிறார். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போவதில்லை, அங்கே கைக்குழந்தை இருக்கிறது. கிரைண்டர் ஓடும் நேரத்தில் காதடைப்பும் உண்டு. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை, கிரைண்டர் அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

மானா ஆமையா

கருவி கைக்கு வந்ததும் தம்பிக்கு முழு உருவம் செய்ய ஆசை பிறந்தது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கலாம் என்ற கணக்கும் இருந்தது. கோட்டைக்குள்ளும் ஊருக்குள்ளும் திரியும் புள்ளிமானைச் செய்யப் போவதாகச் சொன்னார். மான் அழகுதான், ஆனால் நாலு மெல்லிய கால், கொம்பு, காது எல்லாம் வெவ்வேறு திசையில் நிற்கின்றன. ஒரே கட்டையில் செய்தால் எங்கோ ஓரிடத்தில் நார் குறுக்கே விழும், அங்கே முறியும். பிட்டின் அதிர்வே போதும் முறிக்க.

ஆமை செய்யுங்கள் என்றேன். புறாத்தீவைச் சுற்றி நீந்துபவர்கள் பார்க்கும் கடலாமை. உருண்டு அடங்கிய உருவம், துடுப்புகளை உடலோடு ஒட்டி வைக்கலாம், ஓட்டின் கட்டங்கள் ஆழம் பழக நல்ல பாடம், துடுப்பின் அடியைக் குடைவது அடிக்குடைவுக்குப் பாடம். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு படங்களைக் கட்டையில் வரைந்து, வேண்டாத மூலைகளை வாளால் அறுத்துவிட்டு, அதற்குப் பிறகே பிட்டை எடுக்கச் சொன்னேன். மின்கருவி கையில் இருந்தால் எல்லாவற்றையும் அதனாலேயே எடுக்கத் தோன்றும். வாளால் ஒரு நிமிடத்தில் போகும் மூலையை அரைத்துத் தூளாக்கி மூச்சில் இழுப்பதில் ஒரு லாபமும் இல்லை. கதவுப் பலகையின் பின்னணிக்கும் இதே விதி: பலகையில் பள்ளம் இறக்கும் ரவுட்டர் மெஷினில் ஆழத்தைப் பூட்டி ஒரே மட்டமாக இறக்கிவிட்டு, பூவை மட்டும் பிட்டுக்கு விட வேண்டும். சின்ன உருவத்தைக் கிளாம்பில் பிடிக்க முடியாதபோது மணல் நிரப்பிய சாக்குப் பை உதவுகிறது. உருவம் அதில் புதைந்து அசையாமல் நிற்கும்.

பெரியவரின் தீர்ப்பு

மஹோகனியில் தாமரைக் கொடி ஒன்றை முழுக்கப் பிட்டாலேயே முடித்துத் தம்பி அப்பாவிடம் காட்டினார். ஆழம் நன்றாக வந்திருந்தது, இதழின் அடிக்குடைவில் விரல் நுழைந்தது. பெரியவர் கண்ணாடியை ஏற்றி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி, ஆனா சவுக்காரத்தில செய்த மாதிரிக் கிடக்கு."

அதை விடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. அரைத்து எடுத்த விளிம்பு எப்போதும் கொஞ்சம் உருண்டுதான் இருக்கும். உப்புத்தாள் அதை இன்னும் உருட்டும். இலை நரம்பின் கூர்மை, இதழ் நுனியில் வெளிச்சமும் நிழலும் பிரியும் கோடு இவை எல்லாம் வெட்டினால்தான் வரும். பெரியவர் தன் வி உளியை எடுத்து, நரம்புகளை ஒரு தடவை ஓட்டினார், இதழ்களின் ஓரத்தைத் தட்டை உளியால் ஒரு சீவு சீவினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பலகை உயிர் பெற்றது. பக்கத்தில் நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் வேலை மூன்றாகப் பிரிந்தது. ரவுட்டரும் வாளும் மொத்தமாக எடுக்கும், பிட் வடிவமும் அடிக்குடைவும் கொடுக்கும், உளி விளிம்பை முடிக்கும். உப்புத்தாள் உளிக்கு முன்னால் வர வேண்டும். மெத்தை உருளையில் 80ஆம் எண் தாள், பிறகு 120, 180 என்று மேற்பரப்பைத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழுந்த நாரை 240ஆல் தடவி, தூளைத் துடைத்தெடுத்த பிறகே உளி. தேய்த்த தாளின் துணுக்கு மரத்தில் தங்கினால் உளியின் வாய் போகும் என்பதால் தூளை ஊதி விடாமல் தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். முன்பு இரண்டு நாள் பிடித்த சாமியறைக் கதவின் ஒரு பலகை இப்போது ஒரு நாளுக்குள் முடிகிறது, ஆழம் முன்பை விடக் கூடுதலாக.

உப்பும் கச்சானும்

இந்த ஊருக்கே உரிய இரண்டு விஷயங்கள். முதலாவது துரு. கடல் உப்புக் காற்றில் வளைதண்டுக்குள் சுழலும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி சூடாகி அறும். அவ்வப்போது உருவித் துடைத்து மெல்லியதாகக் கிரீஸ் தடவ வேண்டும். தண்டைக் கூர்மையாக வளைத்து வேலை செய்யவும் கூடாது. பிசின் அடைந்த பிட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். மாரி காலத்தில் பட்டறைத் தரை ஈரமாக இருக்கும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் கருவியைத் தொடக் கூடாது.

இரண்டாவது கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. மாரியில் ஈரத்தோடு வந்த பலகையைச் செதுக்கி வைத்தால், வைகாசிக்குப் பிறகு அடிக்கும் சுடுகாற்றில் அது வெடிக்கும். ஆழமாகச் செதுக்கிய பலகை இன்னும் மோசம், ஏனென்றால் தடித்த இடமும் மெல்லிய இடமும் வெவ்வேறு வேகத்தில் காய்கின்றன. தம்பி செய்த வேப்பமரக் கும்பம் ஒன்று அப்படித்தான் நடுவே பிளந்தது. இப்போது பலகையின் இரு முனைகளுக்கும் பழைய பெயின்ட் பூசி, நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி, ஒரு கச்சான் காலத்தைத் தாண்ட விட்ட பிறகே ஆழ்ந்த வேலைக்கு எடுக்கிறார். தட்டை வேலைக்கு அவ்வளவு பொறுக்கத் தேவையில்லை.

இப்போதைய நிலை

தம்பி தட்டைப் பூவேலைக்கான ஓடர்களை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஆழ்ந்த வேலைக்கு மட்டும் விலை சொல்கிறார், கேட்பவர்களுக்கு ஒரு மாதிரிப் பலகையைக் கையில் கொடுத்து இதழின் அடியில் விரலை விட்டுப் பார்க்கச் சொல்கிறார். ஆமைகள் சில விற்றிருக்கின்றன. கிரைண்டர் காப்போடு சுவரில் தொங்குகிறது, செயின் டிஸ்க்கை அவர் திரும்ப மாட்டவில்லை.

தீராத சிக்கல் தூளை உறிஞ்சும் வசதிதான். வீட்டு வெக்கூம் கிளீனரின் சாதாரண பில்டர் நுண்தூளைப் பின்பக்கத்தால் திரும்ப வெளியே விடுகிறது, சரியான உறிஞ்சி விலை கூடியது. பழைய மரப்பெட்டி ஒன்றின் பின்பக்கத்தில் வெளியேற்று விசிறியும், அதற்கு முன்னால் ஏ.சி. பில்டர் துணியும் வைத்து, அந்தப் பெட்டியின் வாயில் வைத்தே செதுக்கும் ஏற்பாடு ஒன்றை இப்போது செய்துகொண்டிருக்கிறார். அது முடியும் வரை முதிரைப் பலகைகள் அடுக்கிலேயே இருக்கட்டும் என்று அப்பாவும் மகனும் பேசி வைத்திருக்கிறார்கள்.